கோயிலுக்குப் போனால் கோபம்தான் வருகிறது

3 அக்டோபர் 2023 (ஒரு வாசகி கேட்டது)

அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு ஐம்பத்தொன்று. பையன் வெளியூரில். கோயிலுக்குப் போ, மனசு லேசாகும் என்று எல்லாரும் ஒரே பல்லவி பாடுகிறார்கள். போனால் கோபம்தான் வருகிறது. இருபத்தைந்து வருஷம் விளக்குப் போட்டதற்கு இதுதான் கூலியா என்று கேட்கத் தோன்றுகிறது. குங்குமத் தட்டு என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போகிறது. சாயங்காலமானால் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அழுகிறேன். உங்களில் யாருக்காவது போன நம்பிக்கை திரும்பி வந்திருக்கிறதா? எப்படி வந்தது? சும்மா ஆறுதல் சொல்ல வேண்டாம்.

3 அக்டோபர் 2023, இரவு

ஆறுதல் சொல்ல எனக்கும் வராது. உங்களுக்கு நேர் எதிர்க் கட்சி நான். என்னிடம் தொலைவதற்கே நம்பிக்கை இருந்ததில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக 2017இல் ஓய்வு பெற்றேன். ஊர் பண்ருட்டி. எங்கப்பா கறுப்புச் சட்டை. எங்கள் வீட்டில் சாமி படம் நுழைந்ததே 1986இல் என் மனைவி வந்த பிறகுதான், அதுவும் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், கள்ளக் கனெக்ஷன் மாதிரி. முப்பத்தைந்து வருஷம் அவள் கும்பிட்டாள், நான் கிண்டல் பண்ணினேன். 2021 டிசம்பரில் ஒரு ராத்திரி எனக்கு மூணு தோசை வார்த்துப் போட்டாள், நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்துவிட்டுப் படுத்தாள். காலையில் எழவில்லை.

இப்போது தினமும் விடிகாலையில் நான் கோயிலில் இருக்கிறேன். எப்படி வந்தேன் என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

4 அக்டோபர் 2023

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை நாலு நாற்பதுக்கு வீட்டில் சேவல் கூவியது. சொந்தக்காரர்கள் கூடம் முழுக்கப் படுத்திருந்தார்கள், எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவளுடைய பட்டன் போன் அலாரம். தையல் மெஷின் இழுப்பறைக்குள் இருந்து கூவுகிறது. என் மகள் அதை எடுத்து நிறுத்தப் போனாள். இருக்கட்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள், ஒரு வாய் தண்ணீர் கூட இறங்காத நேரம் அது.

பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போனார்கள். சேவல் மட்டும் போகவில்லை. நாலு நாற்பதுக்குக் கூவும், நான் எழுந்து உட்காருவேன். ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வரும். நடுவில் ஒரு மணி இருபது நிமிஷம். அந்த நேரத்தில் அவள் ஒரு வீட்டையே கிளப்பி ஓட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வாசல் தெளிப்பாள், கோலம் போடுவாள், குளிப்பாள், விளக்கேற்றுவாள், அப்புறம் திருவதிகைக்கு நடந்துபோய் வந்துவிடுவாள். நான் ஆறரைக்கு எழுந்து காபி எங்கே என்பேன்.

ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். கோலமாவு டப்பா கண்ணில் பட்டது. கம்பம் நட நூல் பிடித்து அளவெடுத்த கை, நாலு புள்ளியை நேராக வைக்க முடியவில்லை. மாவு கொட்டுகிறது அல்லது வரவே மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டுச் சிரித்தது. "அண்ணே, உப்புப் போடற மாதிரி போடாதீங்க, கட்டைவிரலை நகர்த்திக்கிட்டே வாங்க." இதுவரை எனக்கு வந்தது ஒரே ஒரு கோலம். மூணு வருஷமாக அதுதான்.

(தப்பு, இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மூணு மாதிரி இருக்கிறது.)

6 அக்டோபர் 2023

கோயிலுக்குப் போன கதை. பக்தியில் போகவில்லை, கடன் தீர்க்கப் போனேன்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவள் கணக்கு எழுதுவாள். தேதி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பொங்கல் கழித்து அந்தக் கட்டைப் பிரித்தேன். கடைசித் தாளில், மாவு மில் 30 கொடுத்தாச்சு. பூக்காரம்மா 40 பாக்கி.

நாற்பது ரூபாய் அவள் பெயரில் நிற்கக்கூடாது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். திருவதிகை வீரட்டேஸ்வரர் கோயில் வாசலில் அந்தப் பூக்காரப் பாட்டி உட்கார்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். காசை வாங்கவில்லை. ஒரு முழம் அரளியைக் கிள்ளி என் கையில் திணித்து, "அது குடுக்க வேண்டியது, நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றது. பாட்டியிடம் பகுத்தறிவு பேச முடியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோயில் மெயின் போர்டு பார்க்க வந்திருக்கிறேன், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். உள்ளே பெரிய லிங்கம், பதினாறு பட்டை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கோடு மின்னியது. பூவைக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணீர், மெய்சிலிர்ப்பு எதுவும் இல்லை. வெளியே வந்து பாட்டியிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். "நாளைக்கும் வா, இன்னும் பாக்கி இருக்குது" என்றது.

அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை. எத்தனை முழம் என்று கேட்டால் கணக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது.

9 அக்டோபர் 2023

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள், நான் என் கதையையே அளந்துகொண்டிருக்கிறேன். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் வேறு தினுசு. நான் கும்பிடாதவன், என்னைத் தண்டித்தால் நியாயம் இருக்கிறது. பிரதோஷம் தவறாமல் நின்றவளை ஏன்? நம்பாத சாமியிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று எனக்கே குழப்பம். இருந்தாலும் கோபித்துக்கொண்டேன். சந்நிதியில் நின்று மனசுக்குள் நாறடித்திருக்கிறேன். நடை சாத்தவில்லை, ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் திட்டுங்கள். திட்டுவதற்காவது போய் நில்லுங்கள் என்று சொல்ல வந்தேன், அப்புறம் யோசித்தால் அதுவும் அந்தப் பல்லவிதான். போகப் பிடிக்கவில்லை என்றால் போகாதீர்கள்.

திருவதிகையில் திலகவதியார் இருக்கிறார். அப்பரின் அக்கா. சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அந்தக் கோயிலைப் பெருக்கி மெழுகியே வாழ்ந்தவர். கோயிலுக்குள் அவருக்குத் தனி சந்நிதி உண்டு. எனக்கு லிங்கத்தை விட அந்த அம்மாவிடம்தான் நிற்கத் தோன்றுகிறது.

10 அக்டோபர் 2023

தமிழாசிரியர் ஒருவர் காதைப் பிடித்துத் திருகிவிட்டார். சரிதான், திலகவதியாருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர் வடக்கே போருக்குப் போனார். அதற்குள் அப்பா புகழனார் இறந்தார், அம்மா மாதினியாரும் கூடவே போனார். பின்னாலேயே கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி. அவருக்கு உரிய உயிர் இது என்று திலகவதியார் உயிரை விடத் துணிந்தபோது, தம்பி காலில் விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்கிறான். தம்பி இருக்க வேண்டும் என்பதற்காக உயிரைத் தாங்கிக்கொண்டார் என்று சேக்கிழார் பாடுகிறார். ஊரும் திருவாமூர், பண்ருட்டிக்குப் பக்கம். திருவதிகைக்கு வந்தது பிறகு.

தாலியே ஏறாதவருக்கு அவ்வளவு துக்கமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தக் கதையில் பிடிபட்ட இடம் வேறு. சாமியைக் கண்டு அந்த அம்மா உயிரோடு இருக்கவில்லை. தம்பிக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்றுதான் இருந்தார். அந்தத் தம்பியும் சமணத்தில் சேர்ந்து கடலூர்ப் பக்கம் பாடலிபுத்திரத்துக்குப் போய்விட்டான், அதுதான் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். அப்புறம்தான் திருவதிகை, அப்புறம்தான் துடைப்பம். நம்பிக்கை மூணாவதாக வருகிறது. முதலில் ஒரு ஆள், அப்புறம் ஒரு வேலை.

13 அக்டோபர் 2023

என் பழைய சிநேகிதன், கட்சிக்காரன், இதையெல்லாம் படித்துவிட்டுப் போன் பண்ணி, "பயத்துல வந்த பக்திடா இது" என்கிறான். இருக்கட்டுமே. அப்பர் எப்படி வந்தார்? வயிற்றுவலியில் வந்தார். சூலை நோய் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவர்தானே. அந்த அம்மா இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன்னால் துடைப்பமும் சாணமும் குடமும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். வலியில் வந்தவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது கட்சிக்காரர்கள் பழக்கம்.

(கோபித்துக்கொள்ளாதே மாப்ளே. ஞாயிற்றுக்கிழமை வா, மீன் குழம்பு வைக்கிறேன். நான் வைத்த மீன் குழம்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்.)

21 அக்டோபர் 2023

நேற்று நீங்கள் எழுதியதைப் படித்தேன், தங்கச்சி. அண்ணா என்று கூப்பிட்டீர்கள், அந்த உரிமையில் சொல்கிறேன். இருந்து என்ன பண்ணப்போகிறேன் என்று ராத்திரி ஒரு மணிக்கு எழுதுகிற வரியை நான் தாண்டிப் போக மாட்டேன். 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழில் பேசுகிறார்கள், காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். வயதானவர்களுக்கு 14567 என்று தனியாக ஒன்று இருக்கிறது. போன வருஷம் தீபாவளி ராத்திரி நான் 14416க்குப் பேசினேன். ஊரே வெடி வெடிக்கிறது, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்முனையில் இருந்த பெண்ணிடம் அதிரசப் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று என் மனைவி சொல்வாள் என்பதையே இருபது நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. மறுநாள் மருத்துவரிடம் போகச் சொன்னது. போனேன். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். திருநீறும் பூசினேன், மாத்திரையும் சாப்பிட்டேன், எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க மீட்டர் கிடையாது.

இன்னொன்றும் மறைத்திருந்தேன். முதல் ஐந்து மாதம் நன்றாகக் குடித்தேன். விடிகாலை கோயில், சாயங்காலம் குடி. காலை எனக்குப் பிரச்சினையே இல்லை, சேவல் பார்த்துக்கொண்டது. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைதான். வீதியில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவார்கள், குக்கர் விசில் அடிக்கும், யாராவது யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நானே ஸ்விட்சைப் போட வேண்டும். முப்பது வருஷம் ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவன் இருட்டில் உட்கார்ந்திருப்பேன்.

2 நவம்பர் 2023

இன்று கல்லறைத் திருநாள். என்னோடு வேலை பார்த்தவர் கிறிஸ்தவர், அவரும் மனைவியை இழந்தவர்தான். காலையிலேயே கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வந்தாராம். எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் எரித்துவிட்டு, சாம்பலைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோம். போய் உட்கார ஒரு இடம் இல்லை. கடலுக்கு எதிரே நாற்காலி போட்டு எவ்வளவு நேரம் உட்காருவது?

டீக்கடை பாய் சொன்னார், அவர்கள் பெண்களுக்குப் புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் இத்தா. வீட்டோடு இருக்க வேண்டும். அது சரியா தப்பா என்று நான் பேசவரவில்லை, கட்டுப்பாடு என்றால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறது பாருங்கள். நாளைத் தாண்டியதும் வெளியே வரலாம். நமக்குப் பதினாறு நாளில் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். பதினேழாம் நாளிலிருந்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டும், கடைசி எண் எது என்றும் சொல்வதில்லை.

19 நவம்பர் 2023

குங்குமத் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாள் நான் அதைத் தொடவில்லை, தொட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால். மனைவி போன ஆணுக்கு ஊர் ஒன்றும் செய்யாது. எனக்குத் திருநீறு தாராளமாகக் கிடைக்கிறது, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். இன்னும் கேட்டால் நாலாம் மாதமே ஒரு தரகர் வந்து, "சமைக்க ஒரு ஆள் வேணும் இல்லையா சார்" என்றார். சமைக்க ஆள் வேண்டும் என்றால் மெஸ் இருக்கிறது என்றேன். உங்களுக்கு அதே ஊர் பூவை எடுக்கிறது, பொட்டை எடுக்கிறது, தட்டைத் தாண்டுகிறது. ஆகவே என் அரளிப்பூக் கதை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நான் கதவு திறந்திருந்த வீட்டுக்குள் போனவன்.

எங்கள் பக்கத்து வள்ளலார் இதை எழுதியே வைத்திருக்கிறார். புருஷன் இறந்தால் தாலி வாங்க வேண்டாம், பெண்சாதி இறந்தால் புருஷன் வேறு கல்யாணம் செய்ய வேண்டாம், கருமாதி காரியங்கள் எதுவும் வேண்டாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கடலூர் மாவட்டத்து மனுஷன் சொன்னது. சன்மார்க்கக் கொடி கட்டிய வீட்டிலேயே பதினாறாம் நாள் தாலி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாசகர், அப்படியானால் வள்ளலார் பேச்சைக் கேட்டுத்தான் நீங்கள் மறுமணம் செய்யவில்லையா என்கிறார். இல்லை ஐயா, தரகரைப் பார்த்துப் பயந்துதான்.

27 நவம்பர் 2023

நேற்று கார்த்திகை தீபம். வீட்டில் இருபத்தேழு அகல் வைத்தேன். அவள் வைக்கிற கணக்கு அது. போன வருஷம் விளக்கைக் கழுவி ஈரத்தோடு எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன், படபடவென்று வெடித்து சட்டையில் எண்ணெய் தெறித்தது. இந்த வருஷம் வெயிலில் காயவைத்துவிட்டேன்.

உழவாரப் பணி என்றால் என்ன என்று கேட்டவருக்கு: உழவாரம் என்பது புல் செதுக்குகிற கருவி, அப்பர் சிலையில் தோளில் சாய்த்திருப்பாரே, அதுதான். இப்போது ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் பிடித்து ஆள் அரவமில்லாத பழைய கோயிலுக்குப் போய், களை வெட்டி, ஒட்டடை அடித்து, கழுவிவிட்டு வருவோம். பூக்காரப் பாட்டிதான் என்னை மாட்டிவிட்டது. "கரண்டு வேலை தெரிஞ்ச ஆளு" என்று. முதல்நாள் மெயின் போர்டு பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டேன், கையில் சுரண்டுகிற தகட்டைக் கொடுத்தார்கள். விளக்கு மாடத்தடியில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் மொத்தத்துக்கு, தார் மாதிரி. சூடான தண்ணீர் ஊற்றிச் சீயக்காய் தூவி ஊறவிட்டுச் சுரண்ட வேண்டும். மேலே வவ்வால். அந்த நாற்றம் வீடு வரை வரும். கல்வெட்டு இருக்கிற சுவரில் கம்பி பிரஷ் போடக்கூடாது, எழுத்து போய்விடும், தென்னம் நார்தான். முட்டி தேய மூணு மணி நேரம் சுரண்டி ஒரு சதுர அடி கல்லின் நிறத்தைப் பார்த்தேன். மத்தியானம் புளிசாதம். அன்றைக்கு ராத்திரி குடிக்கவில்லை. மனசு மாறி அல்ல, கை தூக்க முடியவில்லை.

கண்ணை மூடிக் கும்பிட எனக்கு இன்னும் வெட்கம். சுரண்டுகிறபோது வெட்கம் இல்லை.

26 ஜனவரி 2024

நேற்று தைப்பூசம், வடலூர் போனேன். ஏழு திரையும் விலகி ஜோதி தெரிகிற நேரத்தில் எனக்கு முன்னால் நின்றவர் தோளில் குழந்தை, குழந்தையின் தொப்பியைத்தான் பார்த்தேன். பரவாயில்லை. நான் போவதே தருமச்சாலைக்கு. வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவர்களுக்குச் சாப்பாடு. முதல் வருஷம் சமைக்கத் தெரியாமல் எத்தனையோ நாள் முக்கால் மணி பஸ்ஸில் போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். யாரும் யார் நீ என்று கேட்கவில்லை. பக்கத்து இலைக்காரர் சாம்பார் வேண்டுமா என்பார். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுவாக இருக்கும்.

பழைய குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். பொய் எதுவும் இல்லை, ஆனால் ஏதோ ஒழுங்காக மேலே ஏறி வந்தவன் மாதிரி எழுதிவிட்டேன். இந்த மாதம் ஒன்பது நாள் கோயிலுக்குப் போகவில்லை. அவள் பிறந்தநாள் வந்தது, அதற்குப் பிறகு சேவல் கூவினாலும் போர்வையை இழுத்துக்கொண்டேன். பத்தாம் நாள் பாட்டி ஆள் அனுப்பியது.

18 மே 2024

மகள் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறாள். மூணு வாரம் இருந்துவிட்டு வந்தேன். பேரன் பள்ளிக்கு, அவர்கள் வேலைக்கு, நான் பத்தாவது மாடியில் லிப்ட் சத்தம் கேட்டுக்கொண்டு. தனியாக இருப்பதற்குப் பண்ருட்டி மேல்.

இங்கே பலாப்பழ சீசன். இரண்டு வருஷமாக நான் வாங்கவில்லை, ஒற்றை ஆளுக்கு முழுப் பழம் எதற்கு? அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அரிவாளுக்கும் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் தெருப் பிள்ளைகள் திண்ணையில் வந்து காத்திருக்கும். இந்த ஞாயிறு ஒன்று வாங்கி நானே வெட்டினேன், பால் ஒட்டி விரலெல்லாம் பிசின். உழவாரக் குழுவுக்குக் கொண்டுபோனேன். நல்ல பழம் இல்லை. எல்லாரும் நல்ல பழம் என்றார்கள்.

5 டிசம்பர் 2024

நேற்றுத்தான் கரண்டு வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம், கடலூர்ப் பக்கம் என்ன ஆனது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வேறு சேதம் இல்லை.

இருட்டில் உட்கார்ந்திருந்தபோது தானே புயல் ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30. பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயின, கம்பங்கள் தீக்குச்சி மாதிரி வரிசையாக ஒடிந்து கிடந்தன. நான் பதினோரு நாள் வீட்டுக்கு வரவில்லை. முந்திரிக்காட்டுக்குள் கம்பம் இழுத்துக்கொண்டு கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் வந்தபோது ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்தவர் வந்துட்டார், நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரும் என்று மகள் கிண்டல் பண்ணினாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கூரையில் பாதி ஓடு பறந்துபோன வீட்டில் அந்தப் பதினோரு ராத்திரியும் அவள் என்ன செய்தாள்? பதின்மூணு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. இந்த இழையில் நான் தனிமை, தனிமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வேலைக்காரன் பெண்டாட்டிக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கும். உப்பு ஜாடிப் பக்கத்தில் அந்தப் படத்திடம் யாரைப் பற்றிப் பேசியிருப்பாள்? ஈரக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்த என்னைப் பற்றித்தானே? நான் அதைத்தான் கிண்டல் பண்ணினேன்.

அந்த அலமாரி முன்னால் அகல் ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேசினேன். சாமியிடமா அவளிடமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே அலமாரியில்தான் இருக்கிறார்கள், அவள் போட்டோவையும் அங்கேதான் மாட்டியிருக்கிறேன்.

6 டிசம்பர் 2024

எழுத விட்டுப்போனது. கரண்டு இல்லாததால் அவள் போன் செத்துவிட்டது. சார்ஜ் போட்டால் ஏறவில்லை, பேட்டரி உப்பி மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மூணு வருஷம் ரீசார்ஜ் பண்ணிய போன். சேவல் கூவாத முதல் நாள், இருட்டு, மழை சத்தம். விழிப்பு வந்து டார்ச் அடித்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தேழு. மூணு நிமிஷம் சும்மா படுத்திருந்தேன்.

கோயில் வாசலில் தண்ணீர் நின்றது. பாட்டி வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது, பூ இல்லாமல் வெறுங்கையோடு. கடனில் எழுதிக்கொள் என்றேன்.

(பேட்டரி கடையில் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள் என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். தெரியும். கரண்டுக்காரன் எனக்கே சொல்கிறீர்களே. இன்னும் போடவில்லை.)

12 ஜனவரி 2025

தங்கச்சி, இத்தனை மாதம் கழித்து நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். கோயிலுக்கு இன்னும் போவதில்லை, போகப்போவதும் இல்லை, ஆனால் பொங்கலுக்குப் பையன் வருகிறான், பரணில் போட்ட பித்தளைக் குத்துவிளக்கை இறக்கினேன், இரண்டு வருஷக் களிம்பு போகமாட்டேன் என்கிறது, நீங்கள்தான் சுரண்டுகிற ஆள் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். பதில்:

எண்ணெய்ப் பிசுக்கை முதலில் எடுங்கள், பழைய துணியில் சாம்பலைத் தொட்டுத் துடைத்தால் போகும். பிசுக்கோடு புளி போட்டால் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எலுமிச்சை அளவு பழம்புளி, ஒரு கைப்பிடி கல் உப்பு, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து விளக்கு முழுக்கப் பூசிக் கால் மணி விட்டுவிடுங்கள். தேங்காய் நாரால் தேயுங்கள், இரும்பு நார் வேண்டாம், கோடு விழும். அந்த அன்னப்பட்சி கழுத்துக்குள் களிம்பு தங்கும், அதற்குப் பழைய பல் பிரஷ். கழுவியதும் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். இந்த மாதத்து வெயில் போதாது, பத்து மணிக்கு வைத்தால் இரண்டு மணிக்கு எடுக்கலாம். தண்டும் தட்டும் சேருகிற மரைக்குள் ஈரம் நிற்கும், கழற்றித் தனித்தனியாகக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு திரி போடுங்கள். ஈரத்தோடு போட்டால் வெடிக்கும், சட்டை போன கதை உங்களுக்குத் தெரியும்.